பெயர் வாசிக்காத ஓர் அறுப்பின் பண்டிகை: திருகோணமலைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் ஆராதனை நடத்துகிற போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், உக்கிராணக்காரர்களுக்கும், பாடகர் குழுக்களில் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

நான் உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த நகரத்துச் சபை ஒன்றில் 18 ஆண்டுகள் உக்கிராணக்காரனாக, காணிக்கைக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பில் இருந்தேன். அதற்கு முன்பிருந்தே பாடகர் குழுவிலும் நிற்கிறேன். எந்தச் சபை என்று எழுதவில்லை. எழுதினால் மற்றச் சபைகளில் இருப்பவர்கள் "இது நம்மைப் பற்றியதல்ல" என்று இந்த மடலை மடித்து வைத்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது ஒரு சபையின் குறை மட்டும் அல்ல. முதலில் அது என் குறை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகை நாளில் காணிக்கைப் பட்டியலை வாசிப்பது என் வேலையாக இருந்தது. பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு வருவோம். ஐம்பதாயிரம் தந்தவரின் பெயரை, அவருடைய தகப்பனாரின் பெயரோடும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் ஊரோடும் சேர்த்து வாசிப்பேன். பத்தாயிரத்துக்கு வரும்போது வாசிப்பு கொஞ்சம் வேகமாகும். ஆயிரத்துக்குக் கீழே போனதும் "மற்றும் சபை மக்கள் பலர்" என்று முடித்துவிடுவேன். நேரம் போதாது, வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கவேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம்.

திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் ஆலயத்துக்கு வருவார். கருவாடு விற்றுப் பிழைப்பவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஓர் ஆண்டு ஆராதனை முடிந்து எல்லோரும் ஏலத்துக்குப் போன பிறகு, அவர் என்னிடம் வந்து, "தம்பி, நான் தந்த கடித உறை உங்கள் கைக்கு வந்ததா?" என்று கேட்டார். வந்தது அம்மா என்றேன். "நல்லது. பெயர் கேட்கவில்லை, அதுதான் எங்கேயாவது விழுந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த உறைக்குள் 200 ரூபாய் இருந்தது. பெயர் சொல்லப்படவில்லையே என்ற மனத்தாங்கல் அவரிடம் இருக்கவில்லை. ஆண்டவருக்கென்று கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் அவருடைய கவலை. அதை அன்றைக்கே நான் விளங்கிக்கொண்டிருக்கவேண்டும். விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு அவருடைய உறையில் சரியாக ஆயிரம் ரூபாய் இருந்தது. அவருடைய பெயரை வாசித்தேன். கடைசி வாங்கில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் அவருடைய தோளைத் தொட்டுச் சிரித்தாள். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்த ஆயிரத்தில் எண்ணூறு ரூபாய் வட்டிக்கு வாங்கிய பணம் என்று பல மாதங்கள் கழித்துத் தெரிந்தது. அதற்கடுத்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு அவர் வரவில்லை. பிறகு மற்ற ஞாயிறுகளிலும் வரவில்லை.

அந்த அம்மாவின் மனத்தில் அந்த ஓராண்டுக்குள் நடந்த மாற்றத்தை நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருநூறு ரூபாயோடு வந்தபோது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் யாரும் இல்லை. ஆயிரம் ரூபாயோடு வந்தபோது நடுவில் நான் நின்றேன், கையில் பட்டியலோடு.

நோக்கம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பிரசங்கம் செய்யும்போது அதை ஒவ்வொருவருடைய உள்ளத்தின் காரியமாகவே பேசுகிறோம். "உங்கள் இருதயத்தை ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஆனால் இருதயம் தனியாக வளர்வதில்லை. எதற்குக் கைதட்டு கிடைக்கிறதோ அந்தப் பக்கம் அது சாயும். யாருடைய பெயரை வாசிக்கிறோம், யாரை முன்வரிசையில் இருத்துகிறோம், கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்ற ஒவ்வொரு ஏற்பாட்டிலும் சபை மக்களின் நோக்கத்தை நாம்தான் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்த மடலைச் சபை மக்களுக்கு எழுதாமல், பொறுப்பில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். தர்மம் செய்யும்போது உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது. அங்கே நமது பழைய மொழிபெயர்ப்பு "மாயக்காரர்" என்று சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல், மேடையில் வேடமிட்டு நடிப்பவனைக் குறிக்கும் சொல். கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் "வெளிவேடக்காரர்" என்று இருப்பது இன்னும் நெருக்கமானது. அதற்கு அடுத்தாற்போல் வருகிற வாக்கியம்தான் என்னை உறங்கவிடாதது: அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. கிரேக்க மூலத்தில் அது கடைத்தெருச் சொல். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்களே, அந்தச் சொல். இனி அந்தக் கணக்கில் வரவேண்டியது எதுவும் இல்லை.

நான் 18 ஆண்டுகள் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பற்றுச்சீட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல மனதோடு கொடுத்தவருக்கும் வெட்டிக் கொடுத்தேன். அவர் கேட்காமலேயே அவருடைய பலனை அங்கேயே தீர்த்துவிட்டேன்.

ஏலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏலம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயையும் முதல் ஈற்று ஆட்டுக்குட்டியையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து, அதை இன்னொருவர் விலைகொடுத்து வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவதில் ஓர் அழகு இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது ஆண்டு முழுவதும் அந்த நாளுக்காகக் காத்திருப்பேன். ஆனால் ஓர் ஆண்டு ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு பேர் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். இருவருக்கும் காணி வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஆயிரம், ஐயாயிரம், பன்னிரண்டாயிரம். சனம் கைதட்டியது. ஏலம் கூறியவர் இருவருடைய பெயரையும் மாறி மாறிச் சொல்லி உசுப்பேற்றினார். இறுதியில் வென்றவர் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காயை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது ஆலய மண்டபத்துப் படிக்கட்டின் கீழ் கிடந்து அழுகிய பின், ஆலயம் கூட்டுகிற பெண் அதை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினார். அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் நான் கணக்கில் எழுதினேன், "அறுப்பின் காணிக்கை" என்ற தலைப்பின் கீழ். அதற்கடுத்த ஞாயிறு திருவிருந்து. இருவரும் ஒரே வரிசையில் முழந்தாளிட்டார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவருடைய பந்தி அது. அந்த இருவரிடமும் போய்ப் பேச எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பணம் வந்துவிட்டதே.

பாடகர் குழுவுக்கு வருகிறேன். உங்களோடுதான் எனக்கு நெருக்கம் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

பாட்டு ஆபத்தானது என்று முதலில் எனக்கு உணர்த்தியவர் ஆதிச் சபையின் ஆயரான அகுஸ்தீன். தன் பாவ அறிக்கை நூலில் அவர் எழுதுகிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அதிகம் உருக்கிவிட்டால், நான் தண்டனைக்குரிய பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன், அப்படியானால் அந்தப் பாட்டைக் கேட்காமல் இருந்திருப்பதே நல்லது. அதே மனிதர், பாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரவில்லை. பலவீனமான மனங்கள் காதின் இன்பத்தின் வழியாகவேனும் பக்திக்கு எழும்பட்டும் என்று விட்டுவிடுகிறார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். 1761இல், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தம் சபையாருக்குப் பாடுவதைப் பற்றிச் சில அறிவுரைகள் எழுதினார். உரக்கக் கத்தி மற்றவர்களின் குரலை மூழ்கடிக்காதீர்கள் என்பது அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடும் ஒவ்வொரு சொல்லிலும் தேவனை நோக்கியிருங்கள், உங்களையும் வேறு எவரையும்விட அவரையே அதிகமாகப் பிரியப்படுத்த நாடுங்கள் என்பது கடைசி அறிவுரை.

இந்த இரண்டையும் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குக் கற்பித்த குறள். மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற. ஆகுலம் என்றால் வெற்று ஆரவாரம். ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயிலாக ஆண்டவர் இஸ்ரவேலின் பாட்டை "இரைச்சல்" என்று சொல்லித் தம்மைவிட்டு அகற்றச் சொன்னாரே, அந்தச் சொல்லும் இதுவும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. ஆமோஸ் காலத்துப் பாடகர்கள் சுருதி தவறிப் பாடினார்கள் என்று எங்கும் எழுதியில்லை. நன்றாகத்தான் பாடியிருப்பார்கள். ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள்.

தம்பிமாரே, தங்கைமாரே, நன்றாகப் பயிற்சி செய்யுங்கள். அரைகுறையாகப் பாடுவதில் பக்தி எதுவும் இல்லை. ஆனால் ஒரு கரோல் ஆராதனைக்கு முன் யார் தனிப்பாட்டுப் பாடுவது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை முறித்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். "பெத்லகேமில் இடமில்லை" என்ற பொருளுள்ள பாட்டுக்காக நடந்த சண்டை அது. பெரிய சபைக்கு இணையாக நமக்கும் ஒலிபெருக்கி வேண்டும் என்று கடன்பட்டதையும் கண்டிருக்கிறேன். நானும் இதற்கு வெளியே நின்றவன் அல்ல. என் குரல் நன்றாக இருந்த காலத்தில், ஆராதனை முடிந்ததும் வாசலில் கொஞ்சம் மெதுவாகத்தான் செருப்பை மாட்டுவேன். யாராவது வந்து "இன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது" என்று சொல்வதற்காக. சொல்லாத நாளில் வீடு போய்ச் சேரும்வரை மனது கசந்திருக்கும். அந்தக் கசப்புத்தான் யாருக்காகப் பாடினேன் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில்.

கமரா 2020இல் கொரோனா ஊரடங்கோடு நம் ஆலயங்களுக்குள் வந்தது. படுக்கையில் இருந்த முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இன்றைக்கும் அவர்களுக்கு அது வேண்டும். ஆனால் பீடத்தருகே முழந்தாளிட்டு அழுகிறவருடைய முகத்தை ஏன் காட்டவேண்டும்? கண்ணீர் காயும் முன் அது கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுகிறது. "என்ன பிரச்சினை, ஏன் அழுதாய்?" என்று மாலைக்குள் உறவினர் அழைக்கிறார்கள். உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி என்றவர், அழுகிறவருக்குத் தர விரும்பிய பாதுகாப்பு அந்தக் கதவு. அதை நாம் திறந்துவிட்டோம்.

இந்த இடத்தில் சபைகளுக்கு நடுவில் உள்ள பழைய வழக்கையும் ஒதுக்கி வைத்துவிடவேண்டும். புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது உயிரற்றது என்று சிலர் சொல்கிறார்கள். கை உயர்த்திக் கண்ணீர்விட்டு ஜெபிப்பது நாடகம் என்று வேறு சிலர். எழுதிவைத்த பாவ அறிக்கையை ஒவ்வொரு சொல்லாக நெஞ்சில் வாங்கிச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். தானாக வருகிற ஜெபம் என்று சொல்லி 20 ஆண்டுகளாக அதே சொற்களை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறவர்களையும் தெரியும். மாறியும் கண்டிருக்கிறேன். உணர்ச்சி இருப்பதால் உண்மை ஆகிவிடாது, உணர்ச்சி இல்லாததால் பொய்யும் ஆகிவிடாது. அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்பவருடைய நோக்கத்தை அளக்கும் கோல் நம் கையில் இல்லை. ஆண்டவர் சொன்ன உவமையில், வரி வசூலிக்கிற ஆயக்காரனும் வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற பரிசேயனும் ஒரே ஆலயத்துக்குத்தான் ஜெபிக்கப் போனார்கள். பரிசேயனுடைய ஜெபம் கெட்டுப்போனது, அவன் பக்கவாட்டில் திரும்பி ஆயக்காரனைப் பார்த்த அந்த இடத்தில்.

எந்த மலை என்ற கேள்வியும் அப்படித்தான். இந்த மலையிலா எருசலேமிலா தொழுவது என்று சமாரியப் பெண் கேட்டாள். ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களைப் பிதா தேடுகிறார் என்பதே பதில். அந்த வசனத்தைத் திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது என் கண் தானாகவே சுவாமி மலைப் பக்கம் போகும். 1622இல் போர்த்துக்கேயர் அங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின. இடித்தவர்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். துறைமுகம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வழிபாட்டின் வார்த்தைகளை வேறொன்றுக்கு உடுப்பாகப் போட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. இதை எங்கள் வாலிபர் கூட்டத்தில் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நம் பாவ அறிக்கை முழுமையாகாது.

2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த பிறகு முகாம்களில் நாங்கள் அரிசி கொடுத்தோம். பை கைமாறும் நொடியில் "இங்கே பாருங்கள் அம்மா" என்று நிறுத்திப் படம் எடுத்தோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவர். சபைக்கு அறிக்கை அனுப்பப் படம் தேவைப்பட்டது. மாலையில் ஜெபக் கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். அப்பம் புசித்துத் திருப்தியானதால் என்னைத் தேடுகிறீர்கள் என்று ஆண்டவர் சொன்ன வசனத்தை எங்களில் ஒருவர் அவர்களைக் குறித்துச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. பசித்தவன் அப்பம் இருக்கிற இடத்துக்கு வருவான். அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பசியை எங்கள் அறிக்கைக்குப் படமாக்கினோமே, ஆராயவேண்டியது அதைத்தான்.

நோக்கம் முழுவதும் தூய்மையாகும்வரை பாடாதீர்கள், கொடாதீர்கள், ஜெபிக்காதீர்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. அப்படியானால் நான் ஒரு ஞாயிறும் ஆலயத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. பவுல் சிறையில் இருந்தபோது, அவர்மேல் பொறாமைகொண்டு சிலர் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார்கள். வஞ்சகமாகவோ உண்மையாகவோ, எப்படியும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் சந்தோஷப்படுகிறேன் என்று எழுதினார். கலப்படமான நோக்கத்தோடு வருகிறவனையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டு கழுவுகிறார். ஆனால் கலப்படத்துக்கு மேலும் கலப்படம் சேர்க்கிற ஏற்பாட்டைச் சபையே நடத்தக்கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

எருசலேம் ஆலயத்தில் ஓர் அறை இருந்தது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இரகசிய அறை என்று அதற்குப் பெயர். பாவத்துக்கு அஞ்சி நடப்பவர்கள் அங்கே யாருக்கும் தெரியாமல் பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல நிலையில் இருந்து நொந்துபோன குடும்பங்கள் அங்கிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளும். கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒருவரும் பார்ப்பதில்லை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து விதவையின் இரண்டு காசைக் கண்டவர் நடமாடிய அதே ஆலயத்தில் இப்படியும் ஓர் அறை.

நம் ஒவ்வோர் ஆலயத்திலும் அந்த அறைக்கு இடம் இருக்கிறது. பெரிய செலவு வேண்டாம், ஒரு பெட்டி போதும். வருகிற அறுப்பின் பண்டிகையில் பெயர்ப் பட்டியலை வாசிக்காதீர்கள். மொத்தத் தொகையையும் செலவையும் சதம் விடாமல் அறிவியுங்கள், அது கணக்குக் கொடுக்கவேண்டிய கடமை. யார் எவ்வளவு என்பதைப் பொருளாளரின் புத்தகத்தோடு நிறுத்திவிடுங்கள். பற்றுச்சீட்டு வேண்டுபவருக்குத் தனியாகக் கொடுக்கலாம். கரோல் ஆராதனையில் முதல் வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திப் பிரமுகர்களுக்குக் காத்திருக்காமல், முதலில் வந்த கிழவியை அதில் இருத்துங்கள். கமராவைப் பிரசங்கப் பீடத்தோடு நிறுத்துங்கள். திருவிருந்துக்கு முந்திய வாரம், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளுக்குப் போதகர் ஒருவராவது நடந்து போகட்டும். காணிக்கை குறைந்துவிடும் என்று சொல்வீர்கள். குறையலாம். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறதே தவிர, அதிகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் என்று எழுதியில்லை.

சென்ற மாதம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார். என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, நானும் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டோ அனுப்பினால் வருவீர்களா என்று கேட்டேன். "கையில் ஒன்றும் இல்லையே தம்பி, வெறுங்கையோடு எப்படி வருவது?" என்றார்.

பட்டியல் எழுதிய குறிப்பேடுகள் மூன்றும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எங்கள் சபையின் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு அவற்றை எடுத்து வருகிறேன்.

ஆண்டவருடைய பணியில் உங்கள் சகோதரன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
உப்புவெளி, திருகோணமலை.